துரு துரு பான்டியாக்!

உங்க பைக்கில் ஒரு நட்டு கழல மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள்? ஸ்பேனர் நுனியில் ஒரு பைப்பைச் சொருகி, அதன் மேல் ஏறி நின்று, தம் கட்டி ஒரு மிதி... 'டொக்!' நட்டு கழன்றிருக்காது. போல்ட் உடைந்திருக்கும். பாதி உள்ளே, மீதி உங்க கையில். சரிதானே?

நானும் அந்த கோஷ்டிதான் பாஸ். என்னைத் திருத்தியது ஒரு ஊர், ஒரு தாத்தா, ஓர் ஓட்டை வண்டி.

ஊரின் பெயர் பான்டியாக். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே இருக்கிறது. டெட்ராய்ட்டில் உட்வர்டு அவென்யூ என்று ஒரு ரோடு ஆரம்பிக்கும். சுமார் 40 கிலோ மீட்டர் ஓடி பான்டியாக்கில் வந்து முடியும். சாதாரண ரோடு இல்லை. 1909-ல் முதன்முதலாக ஒரு மைல் நீளத்துக்கு கான்கிரீட் போட்ட நெடுஞ்சாலை இது. இப்போதும் ஆகஸ்ட் மாசம் போனால், பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் இந்த ரோட்டில் ஊர்வலம் போகும். நம்ம ஊர்த் தேர் மாதிரி வேடிக்கை பார்க்க ஜனம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

பான்டியாக் என்று ஒரு கார் பிராண்டே இருந்தது. 2009-ல் 'மூடப் போகிறோம்' என்று அறிவித்து, 2010-ல் கடையைச் சாத்திவிட்டார்கள். லாரி தொழிற்சாலையும் 2009-ல் மூடியாச்சு. 1970-ல் 85 ஆயிரம் பேர் இருந்த ஊரில், 2020 கணக்கெடுப்பில் 61 ஆயிரம் சொச்சம் பேர்தான். 1994-ல் உலகக் கோப்பை கால்பந்து நடந்த சில்வர்டோம் ஸ்டேடியம் கூட இப்போது இல்லை. 2017 டிசம்பரில் அதை வெடி வைத்துத் தகர்க்க ஏற்பாடு செய்தார்கள். டி.வி. கேமராக்கள் ரெடி, கவுன்ட் டவுன் ரெடி, 'டமார்... டமார்...' வெடியும் வெடித்தது. ஸ்டேடியம்? கம்முனு நின்றது! மறுநாள் திரும்பவும் வெடித்த பிறகுதான் சரிந்தது. இந்த ஊரில் எதுவுமே முதல் தடவையில் கழலாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

உப்பிட்டவரை...

எம்.எஸ். படிக்கப் போன நான், பான்டியாக்கில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழ் வீட்டில் ஓனர் தாத்தாவும் பாட்டியும். தாத்தா இருபது வயசில் இதே ஊர் ஜி.எம்.சி. தொழிற்சாலையில் ஸ்பேனர் பிடித்தவர். அங்கே 1973-லிருந்து 1978 வரை ஒரு விசேஷமான வண்டி செய்தார்கள். மோட்டார் ஹோம். அதாவது கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற நடமாடும் வீடு. மொத்தம் ஏறக்குறைய 13 ஆயிரம் வண்டிகள்தான். அதில் ஒன்று தாத்தாவின் வாசலில் நின்றது. 26 அடி நீளம், ஆறு சக்கரம். எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். அதனால் பின்னால் ஓடுகிற நீளத் தண்டு கிடையாது. தளம் தாழ்வாக, ஏறி இறங்க சுலபமாக இருக்கும். 1981-ல் வந்த 'ஸ்ட்ரைப்ஸ்' படத்தில் ராணுவ வண்டியாக வேஷம் கட்டினதும் இதே மாடல்தான்.

தாத்தாவும் பாட்டியும் ஒவ்வொரு அக்டோபரும் இந்த வண்டியில் வடக்கே கிளம்பிவிடுவார்கள். மேப்பிள் இலைகள் சிவக்கிற சீசன். 31 வருஷமாக ஒரு அக்டோபரும் தவறவில்லை. 32-வது அக்டோபருக்குப் பத்து நாள் இருக்கும்போது வாசலில் 'டங்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. வலது முன் சக்கரத்தின் டார்ஷன் பார் அவுட்!

மெக்கானிக்கல் மக்களே, டார்ஷன் ஈக்குவேஷன் ஞாபகம் இருக்கா? டி பை ஜே... 13 மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தோமே, அதேதான். மற்றவர்களுக்கு: லாரிக்குப் பட்டா, பைக்குக்கு சுருள் ஸ்பிரிங். இந்த வண்டியின் முன்பக்கத்துக்கு நீளமான ஓர் எஃகுக் கம்பி. பின்முனையைச் சட்டத்தில் கெட்டியாகப் பிடித்திருப்பார்கள். முன்முனை, சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கையில் சொருகியிருக்கும். சக்கரம் பள்ளம் மேட்டில் ஏறினால், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி கம்பி முறுங்கும். திரும்ப நேராகப் பார்க்கும். அந்தத் திமிறல்தான் ஸ்பிரிங்.

உடைந்த கம்பியைத் தாத்தா கையில் கொடுத்தார். உடைந்த இடத்தில் பல் பல்லாக ஒரு பழைய தழும்பு. "யாரோ எப்பவோ அவசரத்துல பைப் ரெஞ்ச் போட்டுக் கடிச்சிருக்கான். அந்தக் காயத்துலதான் விரிசல் ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தயாரிப்பில் இல்லாத வண்டி. ஊருக்கு வெளியே ஒரு காயலான் கடையில் இதே மாடல் ஒன்று கிடப்பதாகத் தகவல் வந்தது. "திங்கட்கிழமை நசுக்குற மெஷினுக்குப் போகுது. வேணும்னா சனிக்கிழமை வந்து கழட்டிக்கோங்க" என்றார்கள்.

காயலான் கடை என்றதும் நம்ம புதுப்பேட்டை மாதிரி கற்பனை செய்யாதீர்கள். அங்கே நமக்காகக் கழற்றி, துடைத்து, அடுக்கி வைத்திருப்பார்கள். இங்கே பெரிய மைதானம். புல்லுக்கு நடுவே வண்டிகள் வரிசையாகச் செத்துக்கிடக்கும். உங்க ஸ்பேனர், உங்க முதுகு. நீங்களே கழற்றி, கவுன்ட்டரில் காட்டி, காசு கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

எங்க ஆள் ஒரு மூலையில் கிடந்தார். மேல் பாடி அலுமினியம், ஃபைபர் கிளாஸ் என்பதால் வெளியே பளிச். குனிந்து அடியில் பார்த்தால்... ஐயோ! இரும்புச் சட்டம் முழுக்க துரு, அப்பளம் மாதிரி செதில் செதிலாக.

காரணம் உப்பு. மிச்சிகனில் பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் உருக உப்பைக் கொட்டுவார்கள். அதில் தமாஷ் என்ன தெரியுமா? டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பிரமாண்டமான உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்பும்தான் ரோட்டுக்கு வருகிறது. மேலே கார் செய்கிற ஊர்; அந்தக் காரைத் தின்கிற உப்பு, அதே ஊரின் காலடியில்!

இடம் எது, வலம் எது?

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். தாத்தா முதலில் சட்டத்துக்கு அடியில் கனமான ஸ்டாண்டுகளை வைத்து, மரக்கட்டைகளையும் அடுக்கினார். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாதாம். நான் ஹீரோ கணக்காக ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு போய், வலது பக்கம் முழுக்க ஒரு மணி நேரம் அபிஷேகம் செய்தேன். தாத்தா வந்து பார்த்தார். சிரித்தார்.

"நீ வண்டிக்கு எதிர்ல நின்னு வலதுன்னு நினைச்சியா? டிரைவர் சீட்டுல உட்கார்ந்து பாரு."

பல்பு! வண்டியின் இடது பக்கத்துக்கு அபிஷேகம் செய்திருக்கிறேன். இடது கம்பியை வலதில் போட முடியாதா என்று கேட்டால், முடியாது. ஒவ்வொன்றும் ஒரு திசையில் முறுங்கிப் பழகினது. வலது கம்பியின் நுனியில் துருவைச் சுரண்டிக் காட்டினார். 'ஆர்' என்று ஓர் எழுத்து.

அடுத்ததுதான் ஆபத்தான கட்டம். வண்டியைத் தூக்கி நிறுத்தின பிறகும் கம்பி முறுக்கோடுதான் இருக்கும். அப்படியே போல்ட்டைக் கழற்றினால் பின்முனையில் இருக்கிற இரும்புக் கை சுழன்று அடிக்கும். விரல் போகும், தாடை போகும். அதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதை மாட்டி, பாரத்தை அது வாங்கிக்கொண்ட பிறகு போல்ட்டை எடுத்து, மறை மறையாகத் தளர்த்தினார் தாத்தா. நான் எட்ட நின்றேன். அரை மணி நேரம். முறுக்கு இறங்கிவிட்டது. புத்தகத்தில் வெறும் 'தீட்டா'வாக இருந்தது, நேரில் எவ்வளவு பயம் காட்டுது தெரியுமா!

பின்முனை நழுவி வந்துவிட்டது. முன்முனை? அறுகோணக் குழிக்குள் அறுகோணக் கம்பி. இடையில் பல வருஷத் துரு. இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் சந்துக்குள் ஆப்பு வைத்த மாதிரி இறுகிவிடும். தட்டினோம். ஆயில் விட்டோம். திரும்பத் தட்டினோம். மணி இரண்டு. அசையவில்லை.

யார்டுக்காரர் கேஸ் கட்டரோடு வந்தார். "ரெண்டே நிமிஷம். சூடு காட்டினா வெண்ணெய் மாதிரி வந்துடும். அஞ்சு மணிக்கு கேட் மூடணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. 20 மில்லிமீட்டர் துளை உள்ள எஃகு நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை சுமார் 0.07 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடி தடிமன்தான். துருவின் பிடி விட அதுவே போதும். நான் ஆர்வமாகத் தாத்தாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். வேண்டாம்!

எனக்குச் செம கடுப்பு. பத்து நாளில் டிரிப், ரெண்டு நிமிஷ வேலை, என்ன பிடிவாதம் இது?

"இது ஸ்பிரிங் எஃகு. பதம் பண்ணினது. நெருப்பு பட்டா பதம் போயிடும். கம்பி வெளியே வரும், சரி. அதை மாட்டி, பக்கத்து சீட்டுல அவளை உட்கார வெச்சு ஓட்டணுமே!"

எனக்கு அந்த உடைந்த கம்பியின் தழும்பு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் தாத்தா செய்ததுதான் மாஸ்டர் பிளான். கம்பியைக் கையிலிருந்து பிரிக்க வேண்டாம், கையோடு சேர்த்தே வண்டியிலிருந்து எடுத்துவிடலாம்! கையைப் பிடித்திருக்கிற போல்ட்டுகள் நமக்குத் தேவையில்லை. பேட்டரி ரம்பத்தால் அறுத்தோம். சக்கரப் பக்கம் பால் ஜாயின்ட். அதன் கூம்பு முனையும் இறுகிக்கிடந்தது. நட்டை முழுசாகக் கழற்றாமல் ரெண்டு மறை விட்டுவைத்து, சுற்றியிருக்கிற இரும்பின் பக்கவாட்டில் ஆளுக்கொரு சுத்தியலால் எதிரெதிரே ஒரே நேரத்தில் அடித்தோம். நாலாவது அடியில் 'பொத்'தென்று விட்டது. நட்டு இல்லாமல் இருந்திருந்தால் மொத்தமும் என் கால் மேல்.

நாலே முக்கால். கம்பியும் கையும் சேர்ந்து சரியான கனம். வண்டிக்குள் ஏறி, ஆரஞ்சு கலர் கார்ப்பெட்டில் ஒரு துண்டு வெட்டி வந்தேன். உள்ளே சுவரில் யாரோ ஒரு குழந்தை ஒட்டின ஸ்டிக்கர்கள் வெளுத்துப்போய் இருந்தன. அந்தக் கார்ப்பெட்டில் வைத்து இழுத்துக்கொண்டே கேட்டுக்கு ஓடினோம். நாற்பது டாலர்.

இருபத்து மூணாம் நாள்

வீட்டு கராஜில் தினமும் அதே பூஜை. சாயங்காலம் குழி ஓரத்தில் ஆயில், மரச் சுத்தியலால் கைக்குத்தான் இருபது தட்டு, அதோடு விட்டுவிட வேண்டும். இருபத்தோராவது தட்டுக்கு அனுமதி இல்லை. பத்து நாள் போனது. மேப்பிள் இலைகள் சிவந்தன, கொட்டின. முப்பத்திரண்டாவது அக்டோபர் போயே போச்சு. பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னல் வழியாக எங்க தெரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்குத்தான் கேஸ் கட்டர் ஞாபகம் வந்து வந்து போனது.

இருபத்து மூணாம் நாள், பதினாலாவது தட்டு. சத்தம் மாறியது. 'தொக்' என்று இருந்தது 'டிங்' என்றானது. தாத்தா கம்பியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். வந்தது! துடைத்து, நகத்தால் நுனியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு. அப்புறம், "காபி குடிக்கிறியா?" என்றார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

அடுத்த வருஷம் ஜூனில் என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். மிச்சிகனின் இரண்டு துண்டு நிலத்தையும் சேர்க்கிற மாக்கினாக் பாலம், 1957-ல் திறந்தது, ஏறக்குறைய 8 கிலோ மீட்டர் நீளம். சஸ்பென்ஷன் பிரிட்ஜ் மேலே சஸ்பென்ஷன் மாற்றின வண்டி! நடுவே இரும்பு வலை போட்ட லேனில் போனால் டயர் 'ம்ம்ம்...' என்று பாடும். கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீர். இலை எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் மட்டும் வலது முன் சக்கரத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பேனர் பிடிக்கும் முன்...

* முதல் நாள் ராத்திரியே ஆயில் விட்டு ஊறப்போடுங்க. காலையில் பாதி வேலை முடிந்திருக்கும்.
* நட்டைக் கழற்றும் முன் லேசாக இறுக்கிப் பாருங்க. துருவின் பிடி விடும்.
* ஆயில், தின்னர் விட்ட இடத்தில் நெருப்பு காட்டாதீங்க. ஸ்பிரிங் எஃகில் எப்போதுமே காட்டாதீங்க.
* முறுக்கேறின எதையும் தகுந்த கருவி இல்லாமல், தெரிந்தவர் துணை இல்லாமல் தொடாதீங்க. அது ஸ்பிரிங்கானாலும் சரி, ஹாஸ்டல் வார்டனானாலும் சரி!