தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நூறு மெகாவாட்

குர்காவுனுக்கு வந்து பதினெட்டு வருஷம். இதுவரை மின்சாரக் கணக்கையெல்லாம் எக்செல்லிலேயே ஓட்டிவிட்டேன். இரண்டு மாதம் முன்னால் மேலாளர் கூப்பிட்டு, இனி எல்லாம் பைத்தான்தான், பாண்டாபவர் படியுங்கள், இல்லையென்றால் வேறு பிரிவு பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி. நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

பாண்டாபவர் ஜெர்மனியில் காசெல் பல்கலைக்கழகமும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்தது. இலவசம். 'பிப் இன்ஸ்டால் பாண்டாபவர்' என்று ஒரு வரி அடித்தால் வந்துவிடும். முதல் பாடம் குட்டியூண்டு: 20 கிலோவோல்ட் பஸ், 400 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், நூறு மீட்டர் கேபிள், கடைசியில் 100 கிலோவாட் லோடு. ஓட்டினேன். 'பவர் ஃப்ளோ கன்வெர்ஜ் ஆகவில்லை' என்றது. மூன்று ராத்திரி இதே பதில். "தூங்குங்களேன்" என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன். திருநெல்வேலியில் மின்வாரிய லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. புலம்பினேன்.

"லோடு எவ்வளவுலே போட்ட?"

"நூறு மெகாவாட்ப்பா."

"தெரு டிரான்ஸ்ஃபார்மர்லயா? ஊரே எரிஞ்சிரும்லே!"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் பார்த்தது பழைய பாடம். பாண்டாபவர் இரண்டாம் பதிப்பில் கிலோவாட்டை மெகாவாட்டாக மாற்றிவிட்டார்கள். நான் பெயரை மட்டும் மாற்றி, 100ஐ அப்படியே விட்டிருந்தேன். 0.1 போட்டதும் ஒரு நொடியில் விடை: டிரான்ஸ்ஃபார்மரில் 29 சதவீதச் சுமை, லோடு முனையில் வோல்டேஜ் 0.96. அதாவது சுமார் 222 வோல்ட். "மிக்ஸி ஓடும், போ" என்றார் அப்பா.

இப்போது அடுத்த பாடத்தில் நிற்கிறேன். 'ரன்பிபி' இருக்கிற ஓட்டத்தைக் கணக்கிடும். 'ரன்ஓபிபி' எந்த ஜெனரேட்டர் எவ்வளவு கொடுத்தால் செலவு குறையும் என்று தேடும். லைனுக்கு எல்லை வைக்காமல் ஓட்டிப் பார்த்தேன், மலிவானதே எல்லாவற்றையும் கொடுத்தது. லைன் சுமை 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றதும், விலை கூடியதும் வேலைக்கு வந்துவிட்டது! ஆரம்பிப்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

நேற்று ராத்திரி அப்பாவே போன் செய்தார். "என்னலே, இன்னைக்கு என்ன எரிஞ்சுது?"