கடல் எழுதும் தேய்மானக் கணக்கு

"இந்த வாரக் கடைசியில் பாண்டிச்சேரி போறேன்" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு வரும். "நடத்துங்க, நடத்துங்க" என்பார். "இல்ல சார், கடல் பாலம் பார்க்கப் போறேன்" என்று சொன்னால் சிரிப்பு இன்னும் அகலமாகும். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க!"

சத்தியமாகப் பாலம் பார்க்கத்தான் போனேன். காரணம், எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் ஒரு போட்டோ. 1984-இல், கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் பாண்டி கடற்கரையில் நிற்பது. பேஷன் போன பிறகும் விடாப்பிடியாக பெல்பாட்டத்தில் அப்பா. காலடியில் மணலோ மணல். நான் சிறுவனாக அதே இடத்துக்குப் போனபோது மணலைக் காணோம். வெறும் கருங்கல். "இங்கதான்டா நின்னோம்" என்று அப்பா ஒரு பாறையைக் காட்டினார். அம்மாவே நம்பவில்லை.

இப்போது அப்பா இல்லை. போட்டோவை செல்போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணி. காந்தி சிலைக்கு அருகே கடலைக் கூர்ந்து பார்த்தால், தண்ணீருக்குள் சில பழைய தூண்கள் தலை நீட்டுவது தெரியும். அதன் மேல் காக்கா உட்கார்ந்திருக்கும். வாக்கிங் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதுதான் சார், பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் திறந்த பாலத்தின் மிச்சம்!

பாண்டிச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கரையோரம் ஆழம் குறைவு, அலை அதிகம். கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள்தான் ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். துணிமணி நனையாமல் கரையேறியவர் பாக்கியசாலி. அந்த அவஸ்தைக்கு முடிவு கட்ட வந்ததுதான் பாலம். நீலத்துணியும் நிலக்கடலையும் கடல் தாண்டிப் போன ஊர் இது. ரீயூனியன் தீவுக்குக் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றிய ஊரும் இதுதான்.

எண்பத்தாறு வருஷம் நின்ற பாலத்தை 1952 புயல் முறித்துப் போட்டது. அதற்குப் பதிலாகத் தெற்கே வம்பாகீரப்பாளையம் பக்கம் கான்கிரீட்டில் புதுப் பாலம் கட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. 2022 மார்ச்சில், வங்கக்கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த சமயம், அதிலும் ஒரு பகுதி கடலுக்குள் சரிந்து விழுந்தது.

ஒருநாள் அலையில் விழுந்ததாக நினைத்துவிடாதீர்கள். உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் கான்கிரீட் வெடிக்கும். வெடிப்பில் இன்னும் உப்பு இறங்கும். வருஷா வருஷம் சத்தம் போடாமல் நடக்கிற வேலை.

நான் பி.காம். இதற்கு எங்கள் பாஷையில் 'தேய்மானம்' என்று பெயர். ஒரு மிஷின் வாங்கினால் வருஷம் இவ்வளவு என்று கணக்கில் கழித்துக்கொண்டே வரவேண்டும். பாதிப் பேர் அதை வெறும் எழுத்து வேலை என்று நினைக்கிறார்கள். கடல் அப்படி நினைப்பதில்லை. அது ரொக்கமாகவே எடுத்துக்கொள்கிறது!

அங்கிருந்து தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆட்டோ பிடித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, பழைய பாலத்தைப் புதுசாக்கினா உங்களுக்கு நல்லதுதானே?"

"கட்டட்டும் தம்பி, வேணாங்கலை. ஆனா மொதல்ல முகத்துவாரத்தைப் பாரு. மணலு மூடிக்குது. உள்ள வரச்சொல்ல அடி தட்டும். அலை பக்கவாட்டுல அடிச்சா போட்டு கவுந்துடும். ஏத்தம் வர்ற வரைக்கும் வெளியவே காத்துக் கெடக்கணும். பிடிச்ச மீனு வெலை போவுமா?"

"தூர் வார்றாங்களே?"

"வாருவாங்க. போட்டோ எடுப்பாங்க. அடுத்த வருசம் கடலு மறுபடியும் கொண்டாந்து கொட்டும். அதுக்கு லீவு ஏது?"

"வெளியூர் போட் வந்தா என்னண்ணே வேணும்?"

விரல் விட்டு எண்ணினார். "ஆழம். ராத்திரில வழி தெரிய வெளக்கு. போட்டு மோதாம கட்ட எடம். ஐஸு, டீசலு, நல்ல தண்ணி. அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "சுத்தமா ஒரு கக்கூசு."

பக்கம் பக்கமாக எழுதும் திட்ட அறிக்கையை மனுஷர் அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார்!

அவர் சொன்ன மணலுக்கும் என் போட்டோவுக்கும் சம்பந்தம் இருக்கிறது. இந்தக் கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில், துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள். மணல் தெற்கே தேங்கியது. வடக்கே நகரத்துக் கடற்கரைக்குச் சேரவேண்டிய மணல் வரவில்லை. அலை கரையைத் தின்றது. தடுக்கக் கருங்கல் போட்டார்கள். அப்பா காட்டியது அந்தக் கல்லைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கவேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. சுவர் கட்டி முடிந்தது. அள்ளுகிற வேலைதான் தொடர்ந்து நடக்கவில்லை. கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்கு யாராவது ரிப்பன் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

2025 ஜூலையில் ஒரு சொகுசுக் கப்பல் பாண்டிச்சேரிக்கு வந்தது. கரையோரம் வர வழியில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டது. பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வந்தார்கள். 1866-க்கு முன்னால் எப்படியோ, அப்படியே. என்ன, இந்தப் படகுக்கு மோட்டார் இருந்தது!

ஊரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் அபார்ட்மெண்டில் மாதப் பராமரிப்பை இருநூறு ரூபாய் ஏற்றலாம் என்றபோது, எழுந்து நின்று எதிர்த்தவன் நான்தான். "லிப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்டேன். கைதட்டல்கூட வாங்கினேன். இப்போது மூன்று மாதமாக அம்மா முழங்கால் வலியோடு நான்கு மாடி ஏறுகிறாள்.

சாயங்காலம் மறுபடி காந்தி சிலைக்கு வந்தேன். சில வருஷங்களுக்கு முன் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் தடுப்பை அமைத்தார்கள். அதற்குப் பிறகு இங்கே மணல் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. குழந்தைகள் அதில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். போட்டோவில் அப்பா நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அம்மாவுக்கு போன் போட்டேன்.

"மணல் வந்திருக்கும்மா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நெஜமாவா? அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போடா" என்றாள். பிறகு, "முதல்ல அந்த லிப்டைச் சரி பண்ணச் சொல்லு. கீழே இறங்கினாத்தானே பாண்டிச்சேரி வரமுடியும்!"

அங்கே நின்றபடியே அசோசியேஷன் செயலாளருக்கு போன் போட்டேன். "சார், அந்த இருநூறு ரூபாய் விஷயம்..."

"சார், பாண்டிச்சேரியிலேர்ந்து பேசறீங்களா?" என்றார் அவர். "நாளைக்குத் தெளிவா இருக்கும்போது பேசுவோம்!"