மஞ்சள் பூவும் கால் கிலோ கசகசாவும்

ராஜபாளையத்துல டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போறவங்களா நீங்க? பால்கோவா நினைப்பைக் கொஞ்சம் ஓரங்கட்டிட்டு ஜன்னல் வழியா பாருங்க. தரிசுல முள் இலையும் மஞ்சள் பூவுமா நிக்கிறது பிரம்மதண்டு. பூர்வீகம் மெக்ஸிகோ. கிள்ளினா மஞ்சள் பால் வடியும். நம்ம கசகசாவுக்குச் சொந்தம், ரெண்டும் பாப்பி குடும்பம்!

பூ அழகுதான், விதைதான் வில்லன். அசப்பில் கடுகு மாதிரியே இருக்கும். இதோட எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைச் சாப்பிட்டு 1998-ல் டெல்லியில் 60-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. கால் வீங்கி, மூச்சுத் திணறி, இதயத்தையே முடக்குற நோய்.

நாம நல்லெண்ணெய் கட்சி, தப்பிச்சோம். ஆனா சொந்தக்காரர் விஷயம் வேற. அத்தை மகன் துபாய் கிளம்பினாப்ல. அத்தை பெட்டியில வெச்ச மசாலா பொட்டலங்கள்ல கால் கிலோ கசகசா!

"இதைக் கொண்டு போனா ஜெயில், அத்தை."

"போடா, குருமாவுக்குப் போடுறதுக்கா ஜெயிலு?"

அபினி எடுக்கிற செடியோட விதை அது. ஐக்கிய அரபு அமீரகத்துல தடை. 'குருமாவுக்குத்தான் சார்'னு ஏர்போர்ட்ல கெஞ்சினாலும் எடுபடாது. அத்தான் செல்போன்ல விதியைத் தேடிக் காட்டின பிறகுதான் பொட்டலம் வெளியே வந்துச்சு. அந்த வாரம் பூரா எங்க வீட்டுக் குருமா செம கெட்டி!