கதவு திறந்திருக்கும் நேரம்

அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் 2023-24 கல்வியாண்டில் இருந்த வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கை, படிப்பை முடித்துப் பயிற்சிப் பணியில் இருந்தோரையும் சேர்த்து, 11,26,690. அவர்களுள் இந்தியர் மட்டும் 3,31,602 பேர். பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த சீனத்தை இந்தியா அவ்வாண்டில் முந்தியது. இச்செய்தியை நாம் பெருமையோடு வாசித்தோம். எத்தனை பேர் விமானம் ஏறினர் என்பது இவ்வாறு நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஏறிச் சென்ற பிள்ளை முதல் பருவத்தின் எட்டாம் வாரத்தில் எந்நிலையில் இருந்தான் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் உரைப்பதில்லை. அந்த எட்டாம் வாரத்தைக் குறித்தே இக்கட்டுரையில் சில எண்ணங்களை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2015 முதல் 2022 வரை அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆலயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் இருந்தது. சனிக்கிழமை மாலைகளில் பங்கு மண்டபத்தில் நீண்ட மேசைகளைப் போட்டு, சோறும் சாம்பாரும் வைத்து, வெளிநாட்டு மாணவர்கள் அமர்ந்து படிக்க இடமளித்தோம். நைஜீரியா, வியட்நாம், நேபாளம், பிரேசில், நம் நாடு எனப் பல திசைகளிலிருந்தும் வந்தனர். கத்தோலிக்கர் சிலரே, சோற்றுக்காக வந்தவர்களே பெரும்பாலோர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற எனக்கு அவர்களுடைய வெப்ப இயக்கவியலோ கணினி நிரல்களோ விளங்கா. ஆயினும் அவர்களுக்கு இடறலாக இருந்தது பெரும்பாலும் பாடம் அன்று என்பதை விரைவிலேயே கண்டுகொண்டேன்.

ஆங்கிலந்தான் தடை என்று இங்குள்ள நாம் எண்ணுகிறோம். டோஃபல் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்பது பயண முகவர்களின் வாக்கு. உண்மையில் அப்பிள்ளைகளைத் தடுமாற வைப்பது ஆண்டு ஓடும் முறை. நம் கல்லூரிகளில் அகமதிப்பீடு என்று ஒன்று இருந்தாலும், இறுதித் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்கள் இரவு பகலாகப் படித்துக் கரையேறிவிடலாம் என்னும் நம்பிக்கை நம் இரத்தத்தில் ஊறியது. அங்கே முதல் நாளே ஆசிரியர் ஒரு பாடத்திட்டத் தாளைத் தருகிறார். எந்த வாரம் எதைப் படித்து வர வேண்டும், வீட்டுப் பாடத்திற்கு எத்தனை விழுக்காடு, வகுப்பில் பேசுவதற்கு எத்தனை, தாமதமாகத் தந்தால் எவ்வளவு குறையும் என எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையே அது ஏறக்குறைய ஓர் ஒப்பந்தம். நம் பிள்ளைகளோ அதை நோட்டீசு போல மடித்து வைத்துவிடுகின்றனர். இடைத்தேர்வின் முடிவு எட்டாம் வாரத்தில் கைக்கு வரும்போது மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கு அருகே தீர்மானமாகிவிட்டிருக்கும். முதுகலை மாணவர் பொதுவாகச் சராசரி 3.0 தர மதிப்புக்குக் கீழே போகலாகாது. போனால் எச்சரிக்கைப் பட்டியல். அடுத்த பருவத்திலும் மீளாவிடில் வெளியேற்றம் வரை செல்லலாம்.

பல்கலைக்கழகங்களும் இதில் குற்றமற்றவை அல்ல என்பேன். உள்மாநில மாணவர் செலுத்துவதைப்போல் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கட்டணம் வாங்கிக்கொள்ளும் அரசுப் பல்கலைக்கழகங்கள் பல, அறிமுக வாரம் என்ற ஒன்றில் எல்லா அறிவுரைகளையும் ஒரே மூட்டையாக அவிழ்த்துக் கொட்டிவிடுகின்றன. பத்து மணி நேர வேறுபாட்டில் உறக்கம் கெட்டு, வங்கிக் கணக்கும் வாடகை வீடும் இன்னும் அமையாத பிள்ளை அவற்றுள் எதைக் கேட்டு மனத்தில் இருத்தும்? கேட்க வேண்டிய காலத்தில், அதாவது எட்டாம் வாரத்தில், சொல்வோர் எவருமில்லை.

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். தென் மாவட்டத்தைச் சேர்ந்தவன்; இயந்திரப் பொறியியலில் முதுகலை படிக்க வந்தவன். மூன்று சனிக்கிழமைகள் அவன் வரவில்லை. உடன் தங்கியிருந்தவன்தான் சோற்றைப் பாத்திரத்தில் எடுத்துச் செல்லும்போது மெல்லச் சொன்னான்: "ஃபாதர், அவன் வகுப்புக்கும் போவதில்லை." மறுநாள் திருப்பலி முடிந்ததும் அவர்கள் குடியிருப்புக்குச் சென்றேன். திரைச்சீலையை இழுத்து மூடிய அறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தான். ஒரு பாடத்தின் இடைத்தேர்வில் நூற்றுக்கு 41. அப்பாடத்தை அன்றிரவே கணினி வழியாக நீக்கிவிட்டால் சராசரி தப்பும் என்று முடிவு செய்திருந்தான். "ஆசிரியரைப் பார்த்தாயா, தம்பி?" என்றேன். "எப்படி ஃபாதர் பார்ப்பது? நாற்பத்தொன்று வாங்கிவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது?" என்றான்.

அவன் அறியாத செய்திகள் இரண்டு. முதலாவது, எஃப்-1 விசாவில் இருப்பவர் ஒவ்வொரு பருவத்திலும் முழுப் பாடச் சுமையை ஏற்க வேண்டும். இளங்கலைக்கு அது 12 கிரெடிட். முதுகலைக்குப் பல பல்கலைக்கழகங்களில் 9. அவனுக்கு இருந்தவை மூன்று பாடங்கள், சரியாக ஒன்பது. ஒன்றை அனுமதியின்றி நீக்கியிருந்தால் அந்த இரவிலேயே அவன் விசாத் தகுதியை இழந்தவன் ஆகியிருப்பான். மதிப்பெண்ணைக் காக்கப் போய் நாட்டில் இருக்கும் உரிமையையே இழக்கும் நிலை. இரண்டாவது, அதே சட்டம் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ தொடக்கநிலை இடர்ப்பாடு, அமெரிக்கக் கற்பித்தல் முறையில் பழக்கமின்மை, தகுதிக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்க்கப்பட்டிருத்தல் ஆகிய காரணங்களுக்காக, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் பொறுப்பாளர் பாடச் சுமையைக் குறைக்க அனுமதி தரலாம். ஒரு படிப்பு நிலைக்கு ஒருமுறைதான். பாதிச் சுமைக்குக் குறையலாகாது. அடுத்த பருவத்தில் மீண்டும் முழுமையாகப் படிக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, அனுமதி முதலில், நீக்கல் பின்னர். இந்த முறை மாறினால் சட்டம் இரங்குவதில்லை. இவ்விதிகள் மாறக்கூடியவை, ஆகவே எவரும் இக்கட்டுரையை நம்பி முடிவெடாமல் அலுவலகத்தில் கேட்டே செய்ய வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவனை அவ்வலுவலகத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அனுமதி தர வழி உண்டு, ஆனால் அதற்கு முன் உன் பேராசிரியரைச் சந்தித்துவிட்டு வா" என்றார். அந்தப் பேராசிரியரின் பாடத்திட்டத் தாளில், முதல் பக்கத்திலேயே, செவ்வாயும் வியாழனும் பிற்பகல் 2 முதல் 4 வரை அவர் அறையில் இருப்பார் என அச்சிட்டிருந்தது. அந்நாட்டில் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய நேரம் உண்டு. மாணவர் எவரும் முன்னனுமதி இன்றி உள்ளே சென்று ஐயம் கேட்கலாம். கதவு திறந்திருக்கும். நம் பிள்ளைகள் அந்நேரத்தை, ஆசிரியர் தம் அலுவல்களைப் பார்க்கும் நேரம், தொந்தரவு செய்யலாகாது என்று பொருள் கொள்கின்றனர்! கேட்பது அறியாமையை ஒப்புக்கொள்வது, அறியாமை ஆசிரியருக்கு அவமதிப்பு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நன்னூலார் கற்போர்க்குரிய கடமைகளை அடுக்கும்போது ஆசானைச் சார்ந்து கேட்பதோடு நிறுத்தவில்லை. வினவுவதையும் வினவியவற்றிற்கு விடை கூறுவதையும் அவற்றுள் சேர்த்தே வைத்தார். நாம் கேட்டலை எடுத்துக்கொண்டு வினாவை விட்டுவிட்டோம்.

அவன் சென்றான். நான் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். நாற்பது நிமிடங்கள் கழித்து வெளியே வந்தவன், "எட்டு வாரங்களாக இந்த வகுப்பிலிருந்து இரண்டு பேர்தான் வந்தார்களாம் ஃபாதர், ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார்" என்றான். அவனுடைய விடைத்தாளைப் பேராசிரியர் வரிவரியாகப் பார்த்து, கணக்கு பிழையன்று, எந்தக் கொள்கையிலிருந்து தொடங்கினான் என்பதை எழுதாமையே பிழை என்று காட்டியிருக்கிறார். நம் ஊரில் சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடையைக் கட்டம் கட்டினால் போதும். அங்கே வழியைக் கேட்கிறார்கள். அவன் அப்பாடத்தை நீக்கவில்லை. இறுதியில் அதில் 'பி' தரம் பெற்றான். எல்லாக் கதைகளும் இவ்வாறு முடிந்தன என்று எண்ண வேண்டாம். ஒருவன் அனுமதி பெற்றுப் பாடத்தைக் குறைத்தான். இன்னொருவன் எவரிடமும் சொல்லாமல் நாடு திரும்பிவிட்டான். அவன் போனதே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கப் பேராசிரியர்கள் கட்டளையைக் கட்டளையாகச் சொல்வதில்லை. "நீங்கள் விரும்பினால் இந்நூலையும் பார்க்கலாம்" என்றால், பார்த்தே ஆக வேண்டும் என்பது பொருள். "சுவையான கருத்து" என்று கட்டுரையின் ஓரத்தில் எழுதினால் அது பாராட்டாகவும் இருக்கலாம், ஐயமாகவும் இருக்கலாம். அதட்டினால்தான் ஆசிரியர் என்று வளர்ந்த நம் பிள்ளைகள், சிரித்த முகத்தோடு சொல்லப்பட்டதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பின்னர் மதிப்பெண்ணைக் கண்டு திகைக்கின்றனர்.

இதனினும் கொடிய இடறல் ஒன்றுண்டு. வியட்நாமைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, பொதுச் சுகாதாரக் கட்டுரை ஒன்றில் இரண்டு பத்திகளை ஓர் ஆய்விதழிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தாள்; மேற்கோள் குறியும் இல்லை, மூலத்தின் பெயரும் இல்லை. கல்வி நேர்மைக் குழுவின் முன் வரவேண்டும் என ஓலை வந்தது. மண்டபத்தின் மூலையில் அமர்ந்து அழுதாள். "அவர் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்! நான் மாற்றினால் கெட்டுவிடும் அல்லவா?" என்பதே அவளுடைய விளக்கம். திருட்டு என்று குழு கருதியதை அவள் வணக்கமாகச் செய்திருக்கிறாள். குருமடத்தில் ஆசிரியரின் குறிப்புகளைச் சொல் பிசகாமல் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். எனக்கு அது விளங்கிற்று. ஆயினும் அவளுக்கு நான் எடுத்துக்காட்டிய சான்றும் குருமடத்தில் கற்றதே. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் ஒவ்வொரு வினாவிலும் எதிர்த்தரப்பின் வாதங்களை முதலில் வைக்கிறார். அகுஸ்தீனாரின் கருத்தை அகுஸ்தீனாரின் பெயராலேயே தருகிறார். அரிஸ்டாட்டிலை 'மெய்யியலார்' என்று சுட்டுகிறார். அதன்பின் தம் விடையைத் தம் குரலில் சொல்கிறார். நம் தொல்காப்பியரும் முன்னோர் கூற்றை 'என்ப' என்று பிரித்துக் காட்டத் தவறவில்லை. பிறர் குரல் எங்கே முடிகிறது, என் குரல் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது அமெரிக்கர் கண்டுபிடித்த வழக்கமன்று.

குழு அவளுக்கு அக்கட்டுரைக்குச் சுழியம் வழங்கி, எழுத்துப் பயிற்சி நடுவத்திற்கு வாரம் ஒருமுறை செல்லப் பணித்தது. அந்நடுவங்கள் ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கட்டணமின்றி உள்ளன. போகும் மாணவர் பலர் முதல்முறை ஏமாற்றத்தோடு திரும்புவர். காரணம், அங்கிருப்போர் இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தருவதில்லை. "இப்பத்தியில் நீ என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பர். நான்காம் முறை சென்றபோதுதான் அக்கேள்வியின் பயன் தனக்குப் புரிந்தது என்று அவள் சொன்னாள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட மாத்திரத்தில் பிழையற்ற ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதித் தருகின்றன. அவளைப்போன்ற ஒருத்திக்கு இன்றைய சோதனை இன்னும் பெரிது.

2020 ஜூலை 6 அன்று, பெருந்தொற்றின் நடுவே, முற்றிலும் இணையவழியே பாடம் நடத்தும் கல்லூரிகளின் வெளிநாட்டு மாணவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என அமெரிக்கக் குடிவரவுத் துறை அறிவித்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நீதிமன்றம் சென்றன. ஜூலை 14 அன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த எட்டு நாட்களில் எங்கள் மண்டபத்து மேசைகள் வெறுமையாக இருந்தன, தொலைபேசிதான் ஓயவில்லை. படிப்பு என்பது மூளையின் வேலை மட்டுமன்று, காலடியில் நிலம் இருக்கிறது என்ற உறுதியும் அதற்கு வேண்டும் என்பதை அப்போது கண்கூடாகக் கண்டேன்.

இனி, பெற்றோர்க்கு ஒன்று. நிலத்தை அடகு வைத்து மகனை அனுப்பிய ஒரு தந்தை, யாரிடமோ என் எண்ணைப் பெற்று, நள்ளிரவில் அழைத்தார். "சாமி, பையன் மார்க்கை அந்தக் காலேஜிலே கேட்டுச் சொல்லுங்க. அவன் எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கிறான்." அந்நாட்டில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. கல்லூரியில் சேர்ந்த மாணவரின் மதிப்பெண் அவருக்கே உரியது. அவருடைய எழுத்துமூல ஒப்புதல் இன்றி, தந்தையே ஆனாலும், பொதுவாகப் பல்கலைக்கழகம் வெளியிடாது. இதை விளக்கியபோது அவருக்குக் கோபம் வந்தது. பணம் கட்டுவது நான், மார்க்கு எனக்குத் தெரியக்கூடாதா என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"ஐயா, மார்க்கை விடுங்கள். இந்த வாரம் எந்த வாத்தியார் அறைக்குப் போனாய், என்ன கேட்டாய் என்று மட்டும் அவனிடம் கேளுங்கள்" என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "போகலைன்னு சொன்னா என்ன சொல்றது, சாமி?" என்றார். திட்டாதீர்கள், அடுத்த வாரமும் அதையே கேளுங்கள் என்றேன். மூன்றாம் வாரம் அவரே அழைத்தார். மகன் ஒரு பாடத்தில் தோற்கும் நிலையில் இருப்பதாக அவரிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டானாம். அந்த வியாழன் ஆசிரியரைப் பார்க்கப் போகிறானாம். எத்தனை மணிக்குப் போகிறான் என்று நம் ஊர் நேரத்தில் கணக்கிட்டுச் சொல்லும்படி என்னைக் கேட்டார். இரவு 12.30 என்றேன். விழித்திருப்பேன் என்றார்.