அம்மாயி சொன்ன தோட்டம் மேப்பில் இல்லை! கோத்தகிரி இளைஞர்களின் இலங்கைப் பயணம்

மொத்தம் 12 பேர், 9 நாள் பயணம். இரண்டு பெட்டி நிறைய கைப்பாவைகள், கலர் பேப்பர், சிறுவர் பாடல் புத்தகங்கள். கோத்தகிரி பக்கத்துத் திருச்சபை ஒன்றின் வாலிபர் சங்கத்தினர் இலங்கை மலையகத்துக்கு ஊழியப் பயணம் கிளம்பியபோது எடுத்துச் சென்றவை இவைதான். ஒருவரிடம் மட்டும் கூடுதலாக ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் ஒரு தோட்டத்தின் பெயரும், ஒரு பெண்ணின் பெயரும் எழுதியிருந்தன.

சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் 22 வயது பி.காம் பட்டதாரி. சொன்னவர் அவருடைய அம்மாயி. சீட்டில் இருந்தது அம்மாயியின் தங்கை பெயர்.

1975-ல் கல்யாணமான கையோடு கணவர் வீட்டாருடன் இந்தியாவுக்குக் கப்பலேறியவர் அம்மாயி. தங்கை வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. 83 கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது.

"போறது ஆண்டவர் வேலைக்கு. அப்படியே என் வேலையும் ஒண்ணு பாத்துட்டு வந்துடு சாமி" என்று சொல்லித்தான் பேரனை அனுப்பியிருக்கிறார்.

இதே வழியில் முன்பு போனவர்கள்

திருச்சியிலிருந்து விமானத்தில் கொழும்பு. மறுநாள் காலை கோட்டை ரயில் நிலையத்தில் ஹட்டனுக்கு ரயில். மலையகத்தில் ரயிலைக் 'கோச்சி' என்கிறார்கள். நாவலப்பிட்டி தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. இருபுறமும் தேயிலை, நடுவே சில்வர் ஓக் மரங்கள். "எங்க ஊருக்கே திரும்பிப் போற மாதிரி இருந்துச்சு" என்கிறார் குழுவில் இருந்த நர்ஸிங் மாணவி.

அந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. 1823 தொடங்கி தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருந்து மக்கள் இலங்கை மலைகளுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனவர்கள் அவர்கள். அந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023-ல் அதே பாதையில் மக்கள் நடந்தார்கள்.

தோட்டத் தமிழர்களிடையே ஊழியம் செய்வதற்கென்று 1854-ல் அங்கே ஒரு மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியில் இருந்து உபதேசியார்கள் கடல் கடந்து போனார்கள். இந்த வாலிபர் சங்கம் போன பாதைக்கு அத்தனை வயது.

திரும்பி வந்த கதை வேறு. இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம், லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. எண்ணிக்கையைப் பேசி முடித்தவர்கள் இரண்டு பிரதமர்கள். பிரிந்தது அண்ணனும் தம்பியும், அக்காவும் தங்கையும்.

ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். டான்டீ தேயிலைத் தோட்டங்களே அவர்களுக்கு வேலை கொடுக்க உருவாக்கப்பட்டவைதான். குழுவில் இருந்த 12 பேரில் 7 பேர் அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள். "எங்களை இங்கே 'சிலோன்காரங்க'ன்னு சொல்வாங்க. அங்கே போனா 'இந்தியாவுலேருந்து வந்திருக்காங்க'ன்னாங்க" என்று சிரிக்கிறார் ஒருவர்.

பாவைகள் பெட்டியிலேயே இருந்தன

அழைத்திருந்தது ஹட்டனுக்கு மேலே, ஒரு தோட்டத்துச் சின்னத் திருச்சபை. முதல் நாள் மாலை பாவை நிகழ்ச்சி. பிள்ளைகள் கை தட்டினார்கள், பாடல்களைக் கூடவே பாடினார்கள். இவர்கள் கற்றுக்கொடுக்கப் போன பாடல்கள் எல்லாமே அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தன!

நிகழ்ச்சி முடிந்ததும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து கேட்டது வேறு. "அக்கா, உங்கள்ல யாருக்காவது கணக்கு தெரியுமா?"

இலங்கையில் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை. அதில் கணக்கில் தேறாவிட்டால் மேலே படிப்பது சிரமம். மலையகத் தமிழ்ப் பள்ளிகளில் கணக்கு, விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் பற்றாக்குறை பல ஆண்டுகளாகப் பேசப்படும் பிரச்னை.

குழுவில் இரண்டு பேர் இன்ஜினீயரிங். மறுநாளிலிருந்து மாலை 5 மணிக்கு ஆலய ஹாலில் கணக்கு வகுப்பு. முதல் நாள் 6 பேர் வந்தார்கள். நான்காம் நாள் பக்கத்து டிவிஷனில் இருந்தெல்லாம் வந்து 30 பேரைத் தாண்டிவிட்டார்கள். கரும்பலகை போதாமல், கலர் பேப்பரைச் சுவரில் ஒட்டி அதில் வட்டமும் முக்கோணமும் வரைந்தார்கள். பாவைகள் அதன்பிறகு பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

இன்னொரு பாடமும் கிடைத்தது. வரிசை வீடுகளான லயத்தை ஒருவர் போனில் படம் எடுத்தபோது, அந்த ஊர்ப் போதகர் மெதுவாகச் சொன்னார். "வர்றவங்க எல்லாம் எங்க ஓட்டைக் கூரையைத்தான் படம் புடிக்கிறாங்க தம்பி. வீட்டுக்குள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. அப்புறம் படம் எடுக்கலாம்."

அன்று மாலை 12 பேரும் ஆளுக்கொரு வீட்டுக்குப் போனார்கள். ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கூடவே சாயத் தேத்தண்ணி. "எங்க அம்மாயி வீட்டுல சுடுற அதே ரொட்டி" என்கிறார் சீட்டு வைத்திருந்த இளைஞர். அவர் போனில் இருந்த லயத்துப் படங்களை அன்று இரவே அழித்துவிட்டார்.

சீட்டில் இருந்த பெயர்

அம்மாயி சொன்ன தோட்டத்தை ஊரிலேயே கூகுள் மேப்பில் தேடியிருந்தார் அவர். எப்படி எழுதிப் பார்த்தும் வரவில்லை. பாட்டிக்கு மறந்துவிட்டது போல என்றே நினைத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சீட்டைக் காட்டியதும் ஒரு பெரியவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "இதுவா... அந்த மலைக்கு அந்தப் பக்கம்!" என்று கை நீட்டினார். துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, தொழிலாளர்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று. அங்கே தோட்டங்களுக்கு இரண்டு பெயர். மேப்பில் இருப்பது துரை வைத்த பெயர் மட்டும்தான். பாட்டிக்கு எதுவும் மறக்கவில்லை.

மறுநாள் போதகரோடு ஆட்டோவில் கிளம்பினார். இரண்டு லயம் விசாரித்து, மூன்றாவது லயத்தில் வீடு கிடைத்தது. தங்கை இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

அவருடைய மகள் இருந்தார். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், தலையில் கொழுந்துக் கூடையின் பட்டை பதிந்த தடம்கூட மறையவில்லை. விஷயம் தெரிந்ததும் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதற்குள் இந்தியத் தபால்தலை ஒட்டிய ஏழு கடிதங்கள். அம்மாயிக்காக யாரோ எழுதிக்கொடுத்தவை. "அம்மா சாகுற வரைக்கும் இதைத் தூக்கிப் போட விடல" என்றார்.

சிக்னல் கிடைக்க மேட்டில் ஏற வேண்டியிருந்தது. அங்கிருந்து கோத்தகிரிக்கு வீடியோ கால். தங்கை இல்லை என்ற செய்தியைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சித்தி முறையில் மகளாக வேண்டியவர் திரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே "பெரியம்மா" என்று கூப்பிட்டார்.

அம்மாயி முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து கேக்கிறாங்க ஆயா?"

"பதினெட்டு, பெரியம்மா."

"மழை நாள்லயுமா?"

"மழை நாள்லயுந்தான்."

"கைக்கு எண்ணெய் தேச்சுக்கோ" என்றார் அம்மாயி.

குழு ஊர் திரும்பிவிட்டது. சனிக்கிழமை மாலைகளில் ஆன்லைனில் கணக்கு வகுப்பு தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த மேட்டில் இருந்து கோத்தகிரிக்கு ஒரு கால் வருகிறது. அந்த நேரத்தில் பேரனின் போன் அம்மாயி கையில்தான் இருக்கிறது.