கம்பி இல்லீங்க, தோடு!

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியா காரவள்ளி வந்தா, கொல்லிமலை ஏற்றம் ஆரம்பம் பாஸ். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு உண்டு. நாங்க அஞ்சு பேரும் சத்தமா எண்ணிக்கிட்டே போனோம், 31 வரைக்கும்.

நண்பனோட அப்பா வாங்கி ரெண்டே வாரமான கார். கூரையில் கம்பெனியே மாட்டிக் கொடுத்த ரூஃப் ரெயில், பளபளன்னு. பைகளை அதில்தான் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். 31-வது வளைவில் 'டக்'! ஒரு பக்கக் கம்பி பிய்ஞ்சு, மூட்டை ரோட்டில். பின்னால பைக்கில் அப்பா, அம்மா, நடுவுல குழந்தை. அவர் சட்டுனு பிரேக் போட்டதால தப்பிச்சாங்க. அவர் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

கம்பிக்கு அடியில் போல்ட்டே இல்லை. பிளாஸ்டிக் கிளிப், ஒட்டுற டேப், அவ்வளவுதான். மேனுவலைப் புரட்டினா, 'அழகுக்கு மட்டும், பாரம் ஏற்றக் கூடாது'ன்னு ஒரு வரி. வளைவில் பாரம் வெளிப்பக்கம் தள்ளும்னு பரீட்சையில் எழுதி மார்க் வாங்கின மெக்கானிக்கல் மாணவன் நான்!

மீதி 39 வளைவும் மூட்டை எங்க மடியில்தான். ஆயிரம் படிக்கு மேல இறங்கி ஆகாய கங்கையில் நனைஞ்சப்பதான் படபடப்பு அடங்குச்சு.

நீங்க கிளம்புறப்ப மேனுவலில் கூரைக்கு எத்தனை கிலோ தாங்கும்னு பாருங்க. கிலோ கணக்கே இல்லைன்னா, அது காருக்குப் போட்ட தோடு. தோட்டுல யாராவது மூட்டை கட்டுவாங்களா?