எஸ்.பி. ரோட்டில் 14 கோர் சிப்

பெங்களூரு சிக்கபேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் எஸ்.பி. ரோடு. காலை பதினொன்றுக்குப் பாதிக் கடைகள்தான் ஷட்டரைத் தூக்கியிருந்தன. பெட்டிகளை இறக்கும் டெம்போக்கள், ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடும் பையன்கள், எங்கோ சால்டரிங் வைக்கும் ஈயப் புகை. "பன்னி சார், ஏனு பேக்கு?" (வாங்க சார், என்ன வேணும்?) என்று ஒவ்வொரு வாசலிலும் கன்னடத்தில் கூப்பிடுகிறார்கள். நான் தமிழில் பதில் சொன்னதும் தமிழுக்கு மாறிக்கொண்டார்கள்.

எனக்கு வேண்டியது ஒரு பழைய சிப். வீட்டில் இருப்பது எச்பி இசட்440 ஒர்க்ஸ்டேஷன். உள்ளே இருப்பது 2014-இல் வந்த இன்டெல் ஜியான் இ5-1620 வி3. நாலே கோர். வீடியோ ரெண்டர் போட்டால் எழுந்துபோய்ச் சமையலே முடித்துவிடலாம். அதே சாக்கெட்டில் உட்காரும் இ5-2680 வி4 என்ற சிப்பில் 14 கோர், 28 திரெட். 2016-இல் வந்தபோது இன்டெல் அதற்குப் போட்ட விலை 1,745 டாலர். இன்று டேட்டா சென்டர்கள் பழைய சர்வர்களைக் கூட்டம் கூட்டமாகக் கழற்றுவதால் அது தெருவுக்கு வந்துவிட்டது. சிப்பில் தேய்வதற்கு அசையும் பாகம் எதுவும் இல்லை. ஒழுங்கான சூட்டில் ஓடிய சிப் இன்னும் பல வருடம் உழைக்கும்.

மெயின் ரோட்டுக் கடைகளில் புதுசு மட்டும்தான். பழசு வேண்டுமென்றால் சந்துக்குள் மாடியேற வேண்டும். முதலில் ஏறிய கடையில் 4,500 ரூபாய் சொன்னார்கள். அடுத்ததில் 1,500. அவ்வளவு குறைவா என்று சிப்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். மூடியில் மாடல் எண்ணே இல்லை. 'கியூ' எழுத்தில் தொடங்கும் ஒரு குறியீடும், இன்டெல்லின் 'கான்ஃபிடென்ஷியல்' முத்திரையும்தான் இருந்தன. விற்பனைக்கு முன் சோதனைக்காகக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் மாதிரிச் சிப் அது. "அதுவும் இதுவும் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். ஒன்றல்ல. மாதிரிச் சிப்பின் வேகம் வேறாக இருக்கலாம். பயாஸ் அதை ஏற்காமலும் போகலாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது கடை அகலம் ஆறடிகூட இருக்காது. பிளாஸ்டிக் தட்டில் சிப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதை எடுத்துக் கொடுத்தவர், "சர்வர்லருந்து கழட்டினது. 2,800. ஒரு வாரம் செக்கிங் வாரண்டி" என்றார். மூடியில் மாடல் பெயர், 2.40 கிகாஹெர்ட்ஸ், 'எஸ்ஆர்2என்7' மூன்றும் லேசரில் தெளிவாக இருந்தன. 2680 வி4-க்கு உரிய குறியீடு அதுதான். கீழ்ப்பக்கத் தங்கப் புள்ளிகளை மொபைல் டார்ச்சில் வரிசை வரிசையாகப் பார்த்தேன். கீறலோ கருகலோ இல்லை. ஓரத்தில் மட்டும் காய்ந்த தெர்மல் பேஸ்ட்.

மூடி எழுத்தை அழித்து மாற்றிப் பொறிப்பவர்களும் உண்டு என்பதால் போர்டில் போட்டுக் காட்டச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு டெஸ்ட் பெஞ்சில் மாட்டினார். பென்டிரைவில் கொண்டுபோன லினக்ஸைக் கிளப்பி 'எல்எஸ்சிபியு' கட்டளை கொடுத்ததும் 14 கோர், 28 திரெட், 35 எம்பி கேச் என்று திரையில் வந்தது. இன்னொன்றும் கேட்டேன். நாலு மெமரி சேனலிலும் ராம் குச்சி போடுங்கள் என்று. அடியில் ஒரு புள்ளி கெட்டிருந்தாலும் ஒரு சேனல் காணாமல் போகலாம், சிப் மட்டும் நன்றாக ஓடுவதுபோல் தெரியும். நாலும் கணக்கில் வந்தன. பணத்தைக் கொடுத்தேன்.

இந்த ஊருக்கும் ஜியானுக்கும் பழைய உறவு. 2008 செப்டம்பரில் வந்த 6 கோர் ஜியான் 7400, 190 கோடி டிரான்சிஸ்டர் கொண்டது, பெங்களூரு இன்டெல் பொறியாளர்கள் வடிவமைத்தது. அந்த வம்சத்துச் சிப்புகள், தங்கப்பூச்சுக்காக அமிலத் தொட்டியில் விழுவதைவிட, ஒரு மேசைக்கடியில் இன்னும் ஐந்தாறு வருடம் ஓடட்டும்.

சிப்பில் பூசப் புதுப் பேஸ்ட் 200 ரூபாய், பழையதைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 120.

வீட்டுக்கு வந்ததும் பழைய சிப் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தேன். இந்த வரிசை முக்கியம். பழைய பயாஸ் வி4 சிப்பை அடையாளம் காணாவிட்டால் திரையே வராது. பிறகு பிளக்கைப் பிடுங்கி, கேபினெட் இரும்பைத் தொட்டுவிட்டு, ஹீட்சிங்கின் நாலு ஸ்குரூவையும் குறுக்குக்குறுக்காகத் தளர்த்தினேன். பழைய பேஸ்ட் சுண்ணாம்பாய் உதிர்ந்தது. சாக்கெட்டில் இரண்டு நெம்புகோல். கம்பிகள் சிப்பில் இல்லை, சாக்கெட்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தால் போர்டே போச்சு என்பதால் சிப்பை நேர்செங்குத்தாக, அழுத்தாமல், முக்கோண அடையாளம் பார்த்து வைத்தேன். பழைய சிப் 140 வாட், புதியது 120. ஆகவே இருந்த ஹீட்சிங்கே போதும்.

பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. திரை இருட்டு. புதுச் சிப்போடு முதல் தடவை மெமரியைச் சரிபார்க்க இயந்திரம் நேரம் எடுக்கும் என்று தெரிந்திருந்ததால் கை வைக்காமல் காத்திருந்தேன். எச்பி லோகோ வந்தது, பயாஸில் சிப்பின் பெயரும்.

நாற்பது நிமிடம் ஓடிய அதே ரெண்டர் இப்போது பதினான்கு நிமிடத்தில் முடிகிறது. எல்லாக் கோரும் ஓடும்போதும் சூடு எழுபது டிகிரிக்குள் நிற்கிறது. ஆனால் ஒரே கோரை நம்பி ஓடும் மென்பொருட்களில் வேகம் கூடவில்லை. பழைய சிப் உச்சத்தில் 3.6 கிகாஹெர்ட்ஸ் போகும், இது 3.3 வரைதான். பெரும்பாலும் அப்படிப்பட்ட வேலைதான் என்றால் அதே கடையில் இ5-1650 வி4 கேளுங்கள். கோர் ஆறுதான், வேகம் 4.0 வரை போகும்.